அம்மை போட்ட கண்ணாடி

தங்கைக்குத் தெருவில் பெயரே பளிச்சக்கா. அவள் துடைத்த பிறகு கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பதினாறு வருடப் பிழைப்பு. கணவன் போன பிறகு மகளைப் படிக்கவைப்பதும் அதை வைத்துத்தான். அண்ணன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். அவர் மாட்டுவார், இவள் துடைப்பாள். “என் தங்கச்சி துடைச்சா ஒரு கோடு நிக்காது” என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் கடைசி வீட்டுக் கூடத்துக் கண்ணாடியைக் கெடுத்துவிட்டாள் என்று வீட்டுக்காரரே போன் செய்தபோது அண்ணனுக்குச் சுருக்கென்றது. அவர் கையால் பொருத்திய கண்ணாடி அது. போதாக்குறைக்கு அந்த வீட்டுக்காரர்தான் தெருச் சங்கத் தலைவர். அவர் முகம் சுளித்தால் அந்தத் தெருவில் அவள் துடைக்கும் பதினோரு வீட்டு வேலையும் போகும்.

வந்து பார்த்தால் வெளிப்பக்கம் முழுக்க சோப்புக் கட்டியால் வைத்த வெள்ளைப் பொட்டுகள்.

“என்ன பாப்பா இது? கண்ணாடிக்கு அம்மையா போட்டிருக்கு?”

தங்கை வாளி மூடியைத் திறந்தாள். உள்ளே துணிமேல் ஒரு மஞ்சள் வயிற்றுக் குருவி, கழுத்து மடங்கிக் கிடந்தது.

“இந்த மாசத்துல ஏழாவது.”

“குருவிங்க பயந்து விலகட்டும்னுதான் பருந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேனே!” என்றார் படியில் நின்ற வீட்டுக்காரர்.

“உள்பக்கம் ஒட்டியிருக்கீங்க சார். வெளியிலேர்ந்து பாத்தா மரமும் வானமும்தான் தெரியுது. பறந்துபோய் உக்காரலாம்னு அது வேகமா வருது. பருந்துக்கு ரெண்டடி தள்ளித்தான் இது முட்டிச்சு.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “நீ மாட்டி முடிச்சதும் சாக்பீசால பெருசா ஒரு பெருக்கல் குறி போடுவியே, எதுக்குண்ணே?”

“கண்ணாடி இருக்கறது தெரியாம ஆளுங்க மூஞ்சிய உடைச்சுக்கக் கூடாதுன்னு.”

“மனுசனுக்கு ஒரு குறி. அத நான் துடைச்ச மறுநாள்தான் முதல் குருவி விழுந்துச்சு. நீயும் என் கைய மெச்சிக்கிட்டே இருந்தே. இந்தக் கைதாண்ணே கொல்லுது.”

தங்கைமேல் கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

“கதையெல்லாம் வேணாம். துடை,” என்றார் வீட்டுக்காரர். “இல்லேன்னா நாளையிலேர்ந்து இந்தத் தெருப் பக்கமே வராதே.”

அவள் ஈரத்துணியைப் பிழிந்து அவரிடமே நீட்டினாள்.

“நீங்களே துடைங்க சார். நாளைக்கு விழுறதையும் நீங்களே குனிஞ்சு எடுங்க. நீங்க எந்திரிக்கறதுக்குள்ள எடுத்துப் புதைச்சேன் பாருங்க, அது என் தப்பு. அதான் உங்களுக்கு ஏழும் தெரியல.”

“அவளத் துடைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன் சார்,” என்றார் அண்ணன். “பதினோரு வீடும் போனா போகட்டும்.”

வீட்டுக்காரர் துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கண்ணாடியை நெருங்கினார். காலடியில் திறந்த வாளி, உள்ளே குருவி. கை பாதிவரை உயர்ந்து நின்றது. துணியைப் படியில் எறிந்துவிட்டு உள்ளே போனார். போனவர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: “வியாழக்கிழமை வரும்போது உள்பக்கத்த மட்டும் துடை!”

அண்ணன் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். பொட்டுக்குப் பொட்டு இரண்டு இன்ச். மேலிருந்து கீழ்வரை அளந்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இங்க மூணு இன்ச் இருக்கு பாப்பா, குருவி நுழையப் பாக்கும். அந்தச் சோப்பக் குடு.”