செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்

குடியிருப்பில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலை. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் எப்படித்தான் உட்காருகிறாளோ என்று வீட்டுக்காரரே கேலி பேசுவார்.

கல்குவாரியில் மெஷின் ஓட்டும் தம்பிக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் டாக்டர் டவுனில்தான். அரை மணி நேரம் நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் வேலையும் போகும். மாத்திரை போட்டே பத்து நாள் ஓட்டினான். பதினோராம் நாள் முகம் வீங்கி, வாய் திறக்காமல், மூச்சும் திணறியது. டவுன் ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்து ஒருவழியாகப் பிழைக்க வைத்தார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்கும்மா," என்றார் அங்கிருந்த பல் டாக்டரம்மா.

அந்த வார்த்தைக்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய்ப் பல்வலிக்காரர்களை எழுதினாள். நாற்பத்து மூன்று பேர். தாளை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"வாரத்துல ஒரு நாள் எங்க குடியிருப்புக்கு வந்தா என்னம்மா?"

"வரலாம். தலை சாய்க்க நாற்காலி வேணும், தண்ணி வேணும், மேலதிகாரி கையெழுத்து வேணும்."

கையெழுத்துக்கு ஏழு தடவை அலைந்தாள். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார், லீவில் இருந்தார், சாப்பிடப் போயிருந்தார். ஏழாவது தடவை அவருக்கும் கார் கதவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

குழாய் வைத்த அறையைத் தொழிலாளர் சங்கம் கொடுத்தது. நாற்காலி முடிதிருத்துகிறவருடையது. "செவ்வாய் எனக்கு லீவுதான். ரத்தம் கித்தம் பட்டா நீங்கதான் துடைக்கணும்க்கா," என்றார்.

முதல் செவ்வாய் டாக்டரம்மா வந்தாகிவிட்டது. பேர் கொடுத்தவர்களோ எட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவளே போய் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். பின்பக்கம் ஒரு பல் சொத்தையாகிக் கறுத்திருந்தது.

"உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே?"

"எனக்கு நேரம் எங்கம்மா இருந்துச்சு?"

பல்லைப் பிடுங்கியதும், மரத்துப்போன வாயோடு கோணலாக, "வழிக்கழ, வாங்க," என்றாள். கூட்டம் சிரித்துவிட்டது. அன்று பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

எட்டு மாதத்தில் டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்த இளம் டாக்டர் இரண்டு வாரம் வந்தார், மூன்றாவது வாரம் வரவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரியில் போய் நின்றாள்.

"முதல் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி ஆள் கூட வந்தாரு. இந்த வாரம் தனியா வந்து, வழி தெரியாம சுத்திட்டுத் திரும்பிட்டேன்மா. அங்க கேக்கவும் ஆள் இல்ல."

"அவ்வளவுதானா தம்பி? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கம்பெனியில் மேனேஜரோடு மல்லுக்கட்டி வார லீவைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டாள். இப்போது செவ்வாய்தோறும் கடைசி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்க்கலாம். போன வாரம் ஒன்பது மணி பஸ்ஸில் டாக்டர் இல்லை. அடுத்த பஸ் வருவதற்குள் சாலை வளைவு வரைக்கும் நான்கு தடவை நடந்துவிட்டாள். ஐந்தாவது தடவை நடக்கும்போது, பின்னால் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. டாக்டர் பெட்டியோடு இறங்கினார்.

"முதல்ல ஏறின பஸ் டயர் பஞ்சர்மா."

"சரி சரி, வாங்க. பன்னெண்டு பேர் காத்திருக்காங்க," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.