மூக்கு சார் போட்ட மார்க்

அந்தச் சுருட்டுத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மூக்கு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சுருட்டை முகர்ந்து, புகைத்து, மார்க் போடுவது அவருடைய உத்தியோகம். உட்கார்ந்த இடத்தில் புகை விடுவதற்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். வேலை என்னவோ அவ்வளவு சொகுசில்லை. பச்சை வெங்காயம் கூடாது, வாசனை சோப்பு கூடாது, ஜலதோஷம் பிடித்தால் ருசி பார்க்கும் மாடிக்கே ஏறக்கூடாது. புகையை வாயிலேயே நிறுத்திச் சுழற்றி வெளியே விட வேண்டும். நெஞ்சுக்குள் இறக்கிவிட்டால் ருசியும் தெரியாது, தலையும் கிறுகிறுக்கும்.

அவருடைய மனைவி அதே கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் சுருட்டுச் சுருட்டுகிறவர். ஜன்னலோரம் இருந்த முதல் மேசையில்தான் விலை உயர்ந்த சுருட்டுகள் உருவாகும். அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியானது. அந்த அம்மாளுக்கு வருஷக்கணக்காக அதன்மேல்தான் கண். அவளோடு இன்னும் ஐந்து பேர் போட்டிக்கு வந்தார்கள்.

போட்டி இப்படி. ஆறு பேருக்கும் ஒரே ரகப் புகையிலை. சுருட்டியவர் பெயர் இல்லாமல், வெறும் எண் போட்ட காகித வளையத்தோடு சுருட்டு மாடிக்குப் போகும். அங்கே மூக்கு சாரையும் சேர்த்து ஐந்து பேர் ருசி பார்ப்பார்கள். ஒவ்வொரு சுருட்டுக்கும் வந்த மார்க்குகளில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு, அதுதான் வம்பு. முதலிடம் பெற்ற சுருட்டுக்கு யார் மிகக் குறைந்த மார்க் போட்டாரோ, அவர் கூடத்துக்கு இறங்கி வந்து, சுருட்டியவர் முகத்துக்கு நேரே காரணம் சொல்ல வேண்டும்.

"உன் கை எனக்குத் தெரியாதா? இருட்டுல குடுத்தாலும் சொல்லிடுவேன்" என்று வீட்டில் அவர் பெருமையடித்தார்.

"தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருங்க. எனக்குன்னு ஒரு மார்க் கூடச் சேர்த்துப் போடக் கூடாது" என்றாள் மனைவி.

சத்தியம் செய்து கொடுத்தார். செய்தபோது மனதில் கள்ளமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் எண் சுருட்டைப் பற்ற வைத்ததுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இழுப்பு இலகு, புகை மெத்தென்று இருந்தது. சந்தேகமே இல்லை, இது வீட்டுக்காரியின் கைதான். எண்பத்தெட்டு தரலாம். தொண்ணூற்றாறு போட்டார். சத்தியத்தைக் கொஞ்சம் வளைத்தேனே தவிர உடைக்கவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் ஐந்தாம் எண் வந்தது. பற்ற வைக்கும் முன்பே காய்ந்த மரமும் உலர் திராட்சையும் கலந்த மணம். பற்ற வைத்ததும் வறுத்த காப்பிக்கொட்டை, அதன் பின்னாலேயே மிளகு. பாதி தாண்டியும் துளி கசப்பில்லை. சாம்பல் உதிராமல் நின்றது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுருட்டு அவர் வாய்க்கு வந்ததில்லை. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பரவசப்பட்டார். கண்ணைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது முதலிடம் வந்தால் அவள் நாற்காலி போச்சு.

குறை தேடினார். இழுப்பு ஒரு மயிரிழை இறுக்கமோ? இறுக்கம்தான். எழுபத்தொன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தண்ணீரால் வாயை இரண்டு முறை கொப்பளித்தார்.

முடிவு சொல்லும் நாளில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார் சூப்பர்வைசர். முதலிடம் ஐந்தாம் எண்ணுக்கு. மூக்கு சாருக்கு முகம் தொங்கிப்போனது. மனைவியை எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எழுபத்தொன்று போட்டவர் முன்னால் வரலாம் என்று அழைப்பு வந்தது. போனார். ஐந்தாம் எண் யாரோ எழுந்திருங்கள் என்றார் சூப்பர்வைசர்.

எழுந்தது அவருடைய மனைவி.

அப்படியானால் இரண்டாம் எண்? மூன்றாவது மேசையில், வேலை நேரம் முழுக்கப் பாடியே எல்லோர் உயிரையும் எடுக்கும் 'ராகம்' அண்ணன் அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூக்கு சார் போட்ட தொண்ணூற்றாறு அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது; அவ்வளவு மார்க் அவருக்கு அதுவரை யாருமே போட்டதில்லை.

கூடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை.

"இழுப்பு இறுக்கம்னு எழுதியிருக்கீங்களாம். நிஜமாவே இறுக்கமா இருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும். அவளுடைய வேலையில் இல்லாத ஒரு குறையை, இத்தனை பேர் முன்னால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது அவரால் ஆகாது.

"இல்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் பயந்துட்டேன்."

"யாருக்காகப் பயந்தீங்க?"

"உனக்காகத்தான்."

இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை. ராகம் அண்ணன் மட்டும் கும்பிட்ட கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

"நீங்க இப்படி ஏதாவது செய்வீங்கன்னு தெரிஞ்சுதான், என் பழக்கத்தை விட்டுட்டு வேற மாதிரிச் சுருட்டினேன்" என்றாள் அவள். "புருஷன் வாங்கிக் குடுத்த நாற்காலின்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது பாருங்க."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் தீர்ப்பில் தயவு காட்டவில்லை. முதல் மேசைச் சுருட்டு எதையும் இனிமேல் மூக்கு சார் ருசி பார்க்கக் கூடாது என்றுவிட்டார். அந்தக் கட்டடத்திலேயே உயர்ந்த சுருட்டுகள் அவர் கையை விட்டுப் போயின. அவர் தலையாட்டிவிட்டு, மனைவியின் இலை வெட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஜன்னலோரம் போனார்.

அவள் புது நாற்காலியில் உட்கார்ந்தாள். பலகையை வாங்கி வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சரி, நிஜ மார்க் எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு."

அவள் கண் கலங்கிவிட்டது. ஊரே மெச்சினாலும் வீட்டிலிருக்கிற மூக்கு மெச்ச வேண்டும் என்ற ஆசை அவளுக்கு எத்தனை காலமாக இருந்ததோ.

"அதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த மார்க்கை உரக்கச் சொன்னார்.