வீரம்மா வாங்கிய அடி

ஈப்போ நகரத்துப் புந்தோங் வட்டாரத்தில் வீரம்மாவிடம் அடி வாங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீன்காரன் வாங்கியிருக்கிறான். பஸ் கண்டக்டர் வாங்கியிருக்கிறான். மகள் செல்லாயியின் காதைத் திருகி ரத்தம் வரவைத்த வாத்தியார், வகுப்புப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க வாங்கியிருக்கிறார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வேதம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பார்த்த உலகம் அப்படி.

பதினொரு வயதில் பார்த்தது இது. ரப்பர் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டு. வேலையாட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் நேரம். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்த அவள் அப்பா ராமையாவை, பேர் பதியும் கிராணி முன்னால் கூப்பிட்டான். மேசையைத் தட்டித் தட்டிக் கேள்வி கேட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் கன்னத்தில் ஒரு அறை. ராமையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நூற்றைம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். வீரம்மா கீழே கிடந்த கல்லை எடுத்து வீசினாள். கிராணியின் நெற்றி பிளந்து, சட்டையெல்லாம் ரத்தம். அன்றைக்கே குடும்பம் தட்டுமுட்டுச் சாமானோடு வேறு தோட்டம் தேடிக் கிளம்பியது.

அந்த இரண்டாவது தோட்டத்தில்தான் அவள் வாழ்க்கைப்பட்டாள், செல்லாயியைப் பெற்றாள். எழுபத்து நாலில் அந்தத் தோட்டம் கைமாறியது. வாங்கியவன் வேலையாட்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்ய ஆள் அனுப்பினான். வந்தவர்கள் வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே கடப்பாறையால் கூரைத் தகரத்தைப் பெயர்த்தார்கள். தடுக்கப் போன அவள் புருஷன் உடையப்பனை நாலு பேர் சேர்ந்து மிதித்தார்கள். விலா எலும்பு உடைந்து நுரையீரலில் குத்தி, ஒன்பதாம் நாள் செத்துப்போனான். வீரம்மா சும்மா இருந்தாளா? பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அந்த நாலு பேரில் ஒருவனுடைய தோளெலும்பை முறித்தாள். அதற்கு மூன்று நாள் லாக்கப். உடையப்பனைக் கொன்றவர்கள் மேல் ஒரு கேசும் நிற்கவில்லை. நாசமாய்ப் போக! பத்து வயது செல்லாயியை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தவள், சுண்ணாம்பு மலைக் குவாரியில் கல் உடைக்கச் சேர்ந்தாள்.

செல்லாயி படித்தாள். பி.ஏ. முடித்தாள். அதோடு விட்டாளா? எம்.ஏ. ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றாள். தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏன் ஆறாம் வகுப்போடு நின்றுபோகிறார்கள் என்பதுதான் விஷயம். அந்தத் துறையில் அதுவரை ஒரு தோட்டத்துப் பிள்ளையும் எம்.ஏ.வுக்குக் காலடி வைத்ததில்லை. எண்பத்தேழில் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்று ஒரே ஒரு இடம் ஒதுக்கியது. நேர்காணலைக்கூட ஈப்போவிலேயே, பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூட மாடியில் வைத்தது. பட்டதாரிகள் வேலையில்லாமல் அலைந்த காலம். இந்த இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் கமுந்திங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கம்பி ஒட்டப் போக வேண்டியதுதான்.

அந்த ஒரு இடத்துக்காக இரண்டு வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டவர் பேராசிரியர் ஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர். நேர்காணலில் அவரோடு உட்கார்ந்த மற்ற இரண்டு பேருக்கும் அதில் துளியும் இஷ்டமில்லை. தர்மத்துக்குக் கொடுத்த இடம் என்று சொல்லக் காத்திருந்தார்கள். அப்படி ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று, தானே ஆகக் கடுமையாகக் கேட்கப்போவதாகச் செல்லாயியிடம் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அம்மாவிடம் அவள் சொன்னது, "நீ வராதம்மா" என்பது மட்டும்தான். அதை வீரம்மா எங்கே கேட்டாள்? சோறும் சாம்பாரும் கட்டிய டிபன் கேரியரோடு அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மேசை அதிர்ந்தது. ஒரு ஆண்குரல் இங்கிலீஷில் கத்தியது. மறுபடியும் மேசை. வீரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் எழுந்து நின்று மேசையைக் குத்துகிறான். எதிரே தன் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். செல்லாயி மடியிலிருந்த தாளில் ஒரு கணக்கைத் தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அது வீரம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். "எவன்டா எம் புள்ளய மெரட்டுறது?"

கேரியர் சுழன்று ஸ்கந்தராஜாவின் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று தெறித்தது. அடுத்த அடி காதோரம். மூடி கழன்று சாம்பார் தாள்களிலும் சட்டையிலும் கொட்டி, வழிந்த ரத்தத்தோடு கலந்தது. கூட இருந்தவர்களில் தடித்த ஆள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இன்னொருவர் மேசைக்கு அடியில். மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையைச் செல்லாயி பிடித்துத் தொங்கினாள்.

"அம்மா! விடும்மா! நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்மா! இந்த எடத்த வாங்கிக் குடுத்ததே இவருதாம்மா!"

கேரியர் கீழே விழுந்தது. தடித்த ஆள், "இதற்காகத்தான் இவர்களை மேலே கொண்டுவர வேண்டாம் என்றேன், போலீஸைக் கூப்பிடுங்கள்" என்று இங்கிலீஷில் கத்தினார். போலீஸ் என்ற சொல் மட்டும் வீரம்மாவுக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளையின் வாயில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே!

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் தெரியாமல் அடித்துவிட்டால், மாரியம்மன் கோயில் வாசலில் எல்லாரும் பார்க்க அடித்தவர் கன்னத்தைக் காட்ட வேண்டும். அடிபட்டவர் திருப்பி ஒரு அறை விடுவார். அதோடு தீர்ந்தது, பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வீரம்மா ஸ்கந்தராஜாவின் முன்னால் போய்க் கன்னத்தைக் காட்டினாள்.

"தெரியாம அடிச்சிட்டேன் சார். நீங்க ஒரு அற விட்டுருங்க. அதோட தீந்துரும்லா."

அவர் வாயைப் பொத்திக்கொண்டே பின்வாங்கினார். "என்ன கதைக்கிறீங்கள்? நான் ஒரு பொம்பிளைக்குக் கை நீட்ட மாட்டன்."

"நீங்க அடிக்காட்டி தீராது சார். எம் புள்ள எடம் போயிரும். அடிங்க சார், அடிங்க!"

தடித்த ஆள் கதவைத் திறந்து காவலாளியைக் கூப்பிடப் போனார். செல்லாயி அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி அம்மாவின் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. அறை என்றால் அறை. காதுத் தோடு கழன்று மூலையில் விழுந்தது. போன தடித்த ஆள் கதவோரத்திலேயே நின்றுவிட்டார்.

"சாருக்குப் பதிலா நான் அடிச்சிட்டேன். தீந்துச்சு. வெளிய போயி உக்காரும்மா."

வீரம்மாவை அதுவரை யாரும் கன்னத்தில் அடித்ததில்லை. வெளியே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் செல்லாயி தாள்களிலிருந்த சாம்பாரைத் துடைத்தபடி இங்கிலீஷில் என்னவோ சொல்வது கேட்டது. அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மேசை மறுபடியும் அதிர்ந்தது. ஸ்கந்தராஜா பல் போன வாயோடு கத்தினார். மகளும் பதிலுக்குக் கத்தினாள். வீரம்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள். முக்கால் மணி நேரம் அசையவில்லை.

செல்லாயி வெளியே வந்தாள். அம்மாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, நான் போயி ஒன்ன..."

"ஏய், முடிஞ்சதப் பேசக் கூடாது. எடம் என்னாச்சு? அதச் சொல்லு மொதல்ல."

"கெடச்சிருச்சும்மா. அந்தத் தடியன் கையெழுத்துப் போடல. மத்த ரெண்டு பேரும் போட்டாங்க. ரெண்டு போதுமாம்."

வீரம்மா உட்கார்ந்தபடியே மகளின் கையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, மாடியே அதிர ஓவென்று அழுதாள். என்னவோ ஏதோவென்று கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி எட்டிப் பார்த்த ஸ்கந்தராஜா, அவளைக் கண்டதும் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார்.