திண்டிவனம் டாக்டர் காரில் ஓடுவது என் மீட்டர்

ஒரே ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் கடை போட்டவன் நான். அந்த ஸ்குரூ டிரைவரும் இரவல். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை இரண்டு வருஷம் படித்ததால் ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம். செத்துப்போன மூன்று பஸ் மீட்டர்களைப் பிரித்துப் போட்டு, உயிருள்ள ஒரு மீட்டர் செய்தேன். லாரியின் காற்று மீட்டரை டிராக்டருக்கு ஆயில் மீட்டராக மாற்றினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மிஷினில் எத்தனை மூட்டை ஓடியது என்று காட்ட, பழைய ஸ்கூட்டர் மீட்டரை வைத்து ஒரு பெட்டி செய்தேன். கடைக்கு மேலே இன்ஜினியர் இல்லாமல் மாடி வீடு கட்டினேன். இன்னும் நிற்கிறது. படிகள்தான் ஒன்று உயரம், ஒன்று குட்டை. வருகிறவர்கள் கீழே பார்த்து வரட்டும்.

இத்தனை செய்தவனுக்கு மேல்வரிசையில் சொந்தப் பல் கிடையாது. அதைக் கட்டிக் கொடுத்தவர் திண்டிவனத்துப் பல் டாக்டர். நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கல்யாண வீடு என்றுகூடப் பார்க்க மாட்டார். நான் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம், “அந்தப் பல்லு நான் கட்டினதுங்க. மேஸ்திரி, கொஞ்சம் நல்லா சிரிங்க” என்பார். நானும் இலையில் இருக்கும் அப்பளத்தை விட்டுவிட்டுச் சிரிப்பேன்.

அந்த டாக்டரின் அப்பா வைத்திருந்த அம்பாசடர் பல வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. டாக்டர் அதை வெளியே இழுத்துப் பெயிண்ட் அடித்து, சீட் தைத்து, செத்த பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், டேஷ்போர்டில் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வயரை எலி தின்றிருந்தது, தகட்டைத் துரு தின்றிருந்தது. பழைய மீட்டர் கிடைக்காது, கிடைத்தாலும் இந்த இன்ஜினுக்குச் சேராது என்று சென்னையில் கைவிரித்துவிட்டார்களாம். அப்புறம்தான் விழுப்புரத்தில் ஒரு ஆள் இருக்கிற ஞாபகம் வந்திருக்கிறது.

“மேஸ்திரி, பாக்கறதுக்குப் பழசு மாதிரி இருக்கணும். ஆனா வேலை செய்யணும்” என்றார்.

“நீங்க கட்டின பல்லு மாதிரின்னு சொல்லுங்க” என்றேன்.

அலுமினியத் தகட்டில் நான்கு வட்டம் வெட்டினேன். வேகத்துக்குப் பெரியது ஒன்று. டீசல், சூடு, ஆயில் மூன்றுக்கும் சின்னது. சுற்றி வரும் வளையங்களைப் பித்தளையில் லேத் பட்டறையில் கடைந்து முலாம் பூசினேன். உள்ளே இருக்கும் குடல் மட்டும் டிராக்டர், ஜீப், ஸ்கூட்டர் என்று மூன்று ஜாதி. வெளியே பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பழைய காரில் மீட்டர் விளக்கு பச்சையாக எரியும். அதற்காக பல்புக்கு அடிக்க ஃபேன்சி ஸ்டோரில் பச்சை நெயில் பாலிஷ் கேட்டேன். கடைக்காரப் பெண் என் மீசையையும் நகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பாட்டில்” என்றேன்.

டயலில் எண்களை எழுதியது என் வீட்டுக்காரி. கடையில் நம்பர் பிளேட் எழுதுவதும் அவள்தான். என் கை ஸ்குரூவைப் பிடித்தால் நிற்கும், பிரஷ்ஷைப் பிடித்தால் ஆடும். அவள் கை எதற்கும் ஆடாது, என்னை அடிக்க ஓங்கினால்கூட.

எழுதுவதற்கு முன்னால், எந்த இடத்தில் எழுதுவது என்று தெரிய வேண்டுமே. மீட்டரில் வெறும் காகித டயலை ஒட்டி, கண்ணாடியைப் போடாமல் காரை ரோட்டுக்கு எடுத்துப் போனோம். மணிக்கு அறுபதில் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக ஒரு நிமிஷம். கூட்டேரிப்பட்டுப் பக்கம் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கிலோமீட்டர் கற்களைப் பார்த்துவைத்தேன். டாக்டர் ஓட்டினார், நான் கடிகாரத்தைப் பிடித்தேன். கல்லுக்குக் கல் அறுபது நொடி வரும்போது முள் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு. அந்த ஒரு கோடு கிடைத்தால் மற்ற எண்களைச் சமமாகப் பிரித்துவிடலாம்.

“போன்லயே வேகம் காட்டுது மேஸ்திரி. அதைப் பாத்து ஒரு தபா சரி பண்ணிக்கலாமே?”

“போன் நேத்து வந்தது. கல்லு கெவர்மெண்டு நட்டது.”

மூன்று தடவை ஓட்டினோம். மூன்று தடவையும் முள் அதே இடத்தில் நின்றது. மார்தட்டிக்கொண்டேன். வீட்டில் இவள் மட்டும், “ஏன்யா, போன்ல பாத்தா கொறஞ்சா பூடுவ?” என்றாள். அதைக் காதில் வாங்கவில்லை.

விழுப்புரம் மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. பத்து மணிக்குள் வண்டி உள்ளே இருக்க வேண்டும். நானும் இவளும் ஒன்பதரைக்கே போய் நின்றோம். எல்லா வண்டியும் வந்துவிட்டது, நம் டாக்டரைக் காணோம். பத்தாகி, பத்து நிமிஷமும் ஆன பிறகு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“கணக்குப் போட்டுத்தான் கெளம்பினேன் மேஸ்திரி! அறுபதுல புடிச்சு வர்றேன், வைக்கோல் ஏத்திக்கினு போற மினி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டு தாண்டிப் போறான். கெழவர் ஒருத்தர் மொபெட்ல தாண்டிப் போறாரு! எல்லாம் உங்க மீட்டரால வந்த பேஜாரு!”

வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. உங்க மீட்டர், உங்க மீட்டர் என்று நான்கு தடவை சொன்னார். நான் எண்ணினேன். யாரோ இரக்கப்பட்டு வண்டியை உள்ளே விட்டார்கள்.

வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. பெயிண்ட் அடித்தவர், சீட் தைத்தவர், இன்ஜின் ஏற்றியவர் என்று வரிசையாகப் பெயர். மீட்டர் செய்தவன் பெயர் இல்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

தொப்பி வைத்த ஜட்ஜ் ஒருவர் வந்தார். டார்ச் அடித்து டேஷ்போர்டைப் பார்த்தார். தலையை உள்ளே விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. “இந்த எழுத்தைப் பாருங்க. இதெல்லாம் சீமையில எழுதினது. இப்படி எழுத இங்க ஆளு ஏது? அசல்தானே டாக்டர்?”

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜட்ஜைப் பார்த்து, “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படியே இருக்குதுங்க” என்றார்.

மல்லாட்டை தின்றுகொண்டிருந்த இவளுக்குப் புரையேறியது. “முந்தாநேத்து வரைக்கும் பெயிண்டே காயலையே!” என்றாள். நல்லவேளை, மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

உள்பக்கம் பழமை மாறாமல் வைத்திருப்பதற்கான கப் டாக்டருக்குக் கிடைத்தது. ஆள் கலைந்ததும் ஓரமாகக் கூப்பிட்டேன்.

“ஏன் டாக்டரே, லேட்டானா என் மீட்டரு, கப்பு வந்தா உங்கப்பா மீட்டரா?”

“பேரு போட்டா கப்பைத் திருப்பிக் கேப்பாங்க மேஸ்திரி. கொஞ்சம் புரிஞ்சுக்கங்க.”

“பல்லு கட்டினதை மட்டும் ஊரெல்லாம் சொல்றீங்களே?”

“அது வேற, இது வேற.”

கப்பைக் கையில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார். அறுபது ஏன் அறுபதாக இல்லை என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் இவளைப் போனோடு உட்காரவைத்து, டாக்டர் காரிலேயே போனேன். என் டயல் அறுபது என்றால் போன் நாற்பத்தெட்டு என்றது. நேராகக் கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். நான் நம்பிய இரண்டு கல்லில் ஒன்று, இளநீர்க் கடைக்கு முன்னால் இருந்தது. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கல்லு இங்கதான் நட்டாங்களா?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“இல்ல நைனா, அது அந்தாண்ட கெடந்துது. ரோடு போடறப்ப புடுங்கிப் போட்டாங்க. வர்றவங்க குந்தறதுக்கு ஆவுமேன்னு டிராக்டர்ல கட்டி இழுத்தாந்து நாந்தான் நட்டேன். ஏன், குந்தினா சுடுதா?”

எனக்குச் சுட்டது. கிலோமீட்டரில் இருநூறு மீட்டரை இளநீர்க்காரர் சாப்பிட்டிருக்கிறார். தப்பான கல்லை மூன்று தடவை அளந்தால் மூன்று தடவையும் ஒரே மாதிரி தப்பாகத்தான் வரும். போனைப் பார்க்காதது என் திமிர். எழுதிக்கொள்ளுங்கள், அந்தத் தப்பு என்னுடையது. இவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தப்புக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். இனி டாக்டர் கொடுக்கட்டும்.

அடுத்த மாதம் புதுச்சேரியில் கண்காட்சி இருக்கிறது. டயலைத் திருத்தித் தரச் சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அது என் மேஜைமேல், புதிய கறுப்புப் பூச்சோடு, எண் இல்லாமல் கிடக்கிறது. எழுத வேண்டியவள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டாள். “அட்டையில பேரைப் போடட்டும், அப்பால எழுதறேன்” என்கிறாள். அது வரைக்கும் டாக்டர் அப்பா காலத்து ஓட்டையோடு ஓட்டட்டும்.

நானும் சும்மா இல்லை. போன வாரம் மயிலத்தில் ஒரு கல்யாணம். டாக்டர் வழக்கம்போல, “அந்தப் பல்லு...” என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டு, “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படியே இருக்குதுங்க” என்று சொல்லி அகலமாகச் சிரித்தேன். டாக்டர் முகத்தில் டீசல் தீர்ந்துபோனது.

கப்பைத் திருப்பிக் கேட்டால் கேட்கட்டும் டாக்டரே. உங்களுக்கு வேறு வண்டி, வேறு கப் வரும். எனக்கு வேண்டியது அந்த அட்டையில் இரண்டு வரி. மீட்டர் செய்தது இன்னார், விழுப்புரம். எண் எழுதியது அவர் வீட்டுக்காரி. பெயிண்ட்காரர் பெயர் எத்தனை பெரிதோ, அத்தனை பெரிதாக. எழுத்துப் பிழை இல்லாமல்.