கம்பத்தருகே நின்ற தேவதாரு

லோத் ராமிடம் பனியைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாது. மனிதர்களைப் பற்றிக் கேட்டால் தாடையைச் சொறிவார். குல்லு மலையில் எங்கள் ஊருக்கு மேலே, தேவதாருக் காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. இளவட்டமாக இருந்தபோது அவர் நட்ட அளவுக் கம்பம் அங்கே நிற்கிறது. குளிர்காலம் முழுக்கக் காலை எட்டு மணிக்கு அங்கே போய், அலுமினியக் குழாயைப் பனிக்குள் இறக்கி, உருவி, தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். உருகினால் ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கீழே ஆபீசுக்குச் சொல்வார். கல்யாணத்தன்றும் அங்கே போய்விட்டு வந்துதான் மாப்பிள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டார். பெண் வீட்டாருக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கம்பத்தைச் சுற்றி ஒரு மரம் போனாலும் காற்று மாறும், பனி வேறு மாதிரி படியும், இத்தனை வருஷக் கணக்கும் குப்பை என்பார். மாடு மேய்க்க வந்தவர்களைக் கல்லெறிந்து விரட்டியிருக்கிறார்.

ஒரு வருஷம், அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி பகதியின் வீட்டு உத்தரம் விரிசல் விட்டது. வீடு கட்ட, பழுது பார்க்கக் காட்டில் மரம் கேட்பது எங்கள் உரிமை. வனக்காவலர் டோலு ராம் வந்து, இழுத்துவரத் தோதாகப் பாதையோரத்து மரம் ஒன்றில் வெட்டலாம் என்று சுத்தியலால் முத்திரை குத்தினார். பார்த்தால், அது கம்பத்தருகே நின்ற தேவதாரு.

லோத் ராம் ஆபீஸ் பெயரைச் சொல்லி மிரட்டி, அந்த முத்திரையைச் செதுக்கி எடுக்க வைத்தார். வேறு மரம் இனி அடுத்த வருஷம்தான் என்று டோலு ராம் கையை விரித்துவிட்டார்.

“ஏன் கொழுந்தனாரே, காடு பூரா மரம் கெடக்கு. எனக்குன்னு விழுந்தது ஒண்ணு. அதுலயா உங்க கண்ணு விழணும்?” என்றாள் பகதி.

“ஒரே ஒரு குளிர்காலம் அண்ணி. நான் முட்டுக் குடுத்துடறேன். பனி விழுந்தா மொத வேலையா வந்து உங்க கூரைய வழிச்சுடறேன்.”

“மொத வேலையாவா? கம்பம் கோவிச்சுக்காது?”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, முட்டு நன்றாகவே கொடுத்தார். சின்னப் பனிகளுக்கெல்லாம் வந்து வழித்தும் விட்டார்.

தை பிறந்ததும் பெரிய பனி கொட்டியது. காலையில் மண்வெட்டியும் குழாயுமாகக் கிளம்பினார். இடுப்பளவுப் பனியில் வழி பிரியும் இடத்துக்கு வரவே எட்டு நெருங்கிவிட்டது. இடப்பக்கம் பகதி வீடு. வலப்பக்கம் கம்பம். அவள் வீட்டில் அடுப்புப் புகை தெரிந்தது. சமைக்கிறாள், ஒன்றும் ஆகாது, போய்விட்டு வந்துவிடலாம் என்று வலப்பக்கம் ஏறினார்.

மேலே, புதிதாக விழுந்ததை மட்டும் தனியே எடுத்து நிறுத்தார். ஈரப்பனி. இந்தக் காட்டில் ஒரே ராத்திரியில் இவ்வளவு எடை விழுந்ததே இல்லை. பாவி மனிதர், சந்தோஷப்பட்டார். தராசை மறுபடி தொங்கவிட்டுச் சரிபார்த்தார். அப்புறம்தான், இதே பனி பகதியின் கூரையிலும் கிடக்கிறது என்று உறைத்தது.

விழுந்து புரண்டு இறங்கினார். புகையைக் காணோம். கூரை அடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. ஊரே சேர்ந்து கூரைக் கற்பலகைகளைப் புரட்டியது. பகதியை வெளியே எடுத்தபோது விரல்களில் பிசைந்த மாவு அப்படியே ஒட்டியிருந்தது. லோத் ராம் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குழாய் மட்டும் இன்னும் தோளில் தொங்கியது.

அதைப் பார்த்துவிட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. “அடியே, அழுறாரேன்னு பாக்காதீங்க. எத்தனை கிலோன்னு கேளுங்கடி அவர!”

லோத் ராம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“சதுர அடிக்குப் பதினெட்டு” என்றார்.