சம்மனசின் காலடியில் ஸ்தனிஸ்லாஸ்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைகளுக்குக் கண் எழுதியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் ஸ்தனிஸ்லாஸ். 2007ஆம் வருஷம் மகள் ஜோஸ்பின் ஒரு சிடி வாங்கி வந்தபோது, "பொம்மப் படமெல்லாம் சின்னப் புள்ளைங்க பாக்குறது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் பிழைப்பு என்ன என்பது நினைவுக்கு வந்து, அவருக்கே சிரிப்பு வந்தது. சரி, ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்று லுங்கியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், படம் முடிந்த பிறகுதான் சாப்பிட எழுந்தார்.

கதை என்னவோ சின்னதுதான். மலையை விட்டு இறங்கி ஊரை மிதிக்கும் ஒரு பூதம். ஊரே ஈட்டியோடு கிளம்புகிறது. ஒரு சிறுமி மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கிறாள். பூதத்துக்குப் பல வருஷமாகத் தூக்கமில்லை, அவ்வளவுதான் விஷயம். ஸ்தனிஸ்லாஸைப் பிடித்து உட்கார வைத்தவை அதன் வண்ணங்கள். புல்லுக்கு மட்டும் ஏழெட்டுப் பச்சை! நடுவில் அந்தச் சிறுமி மழைக்கு ஒதுங்கிச் சும்மா நிற்கிறாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வேறு எதுவும் நடக்கவில்லை. அந்த இடத்தைப் பின்னுக்கு ஓட்டி மூன்று தடவை பார்த்தார். கடைசியில் பூதத்தின் முகம். பல்லும் கொம்பும் இருந்தன. ஆனால் புருவம் கீழே சரிந்து, "போய்ப் படு ராசா" என்று சொல்லத் தோன்றியது. யாரோ மெனக்கெட்டு அந்தப் புருவத்தைச் சரித்திருக்கிறார் என்பது இன்னொரு புருவக்காரருக்குத்தானே தெரியும்?

அந்தச் சமயம் பார்த்துத் தெருக்கோடியிலிருந்த மிக்கேல் சம்மனசு கோயிலுக்குச் சுரூபம் செய்யும் வேலை வந்தது. வாளோடு நிற்கும் தேவதூதரான சம்மனசு, காலடியில் மிதிபடும் பசாசு. இத்தனை வருஷம் அவர் கை பட்ட யானைப் பொம்மைகளெல்லாம் எந்த ஊர் அலமாரியில் நிற்கின்றன என்று அவருக்குத் தெரியாது. தான் செய்த ஒன்று தன் கோயிலில் நிற்க வேண்டும், யார் செய்தது என்று பத்துப் பேர் கேட்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. பெருமை பிடித்த ஆசை என்பதால் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை அவர் சொன்னதில்லை.

பட்டறையில் அச்சு கொஞ்சம், அவதாரம் நிறைய. ஒரே அச்சில் வார்த்த தாடிக்காரர் கொலுவுக்கு முனிவராகவும் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சூசையப்பராகவும் போவார். மாறுவது வண்ணமும் புருவமும்தான். பசாசுக்கும் கொலு அசுரனின் அச்சையே எடுத்தார். ஆனால் தூக்கிய புருவமும் உருட்டு விழியும் எழுதிப் பழகிய கை, இந்த முறை புருவத்தைச் சரித்தது. அசந்துபோன கண் எப்படியிருக்கும் என்று பார்க்கச் சவரக் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டார். மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றிச் சூளையில் வேகவைத்து எடுத்தபோது, தன்னைப் போல ஒரு கலைஞன் ஜில்லாவிலேயே இல்லை என்று தோன்றியது.

திருவிழாவுக்கு முந்தின நாள் சுரூபத்தைப் பீடத்தில் ஏற்றினார்கள். கோயிலைப் பெருக்கும் இஞ்ஞாசியம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏ ரெஜினா! ஒன் வூட்டுக்காரரு இங்க கீழ கெடக்குறாருடி!"

கூட்டம் கூடிவிட்டது. அதே சரிந்த புருவம், அதே கண்ணுக்குக் கீழ் வீக்கம். "பாவம், சம்மனசு ரொம்ப அழுத்தி மிதிச்சிட்டாரு" என்றார் ஒருவர். ஸ்தனிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தார். வேலை முடிந்து வந்தால் வீட்டில் எரிந்து விழுகிற ஆள் அவர்; போன மாதம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டதிலிருந்து ரெஜினா ஆமாம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். இப்போது சிரிக்க அவளுக்குத்தான் முதல் உரிமை. அவளோ அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டாள். மானம் போன வெட்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பங்குச் சாமியாரும் வந்து பார்த்தார். "பசாசப் பாத்தா பயம் வரணும் ஸ்தனிஸ்லாஸ். சனங்க பரிதாபப்படுறாங்க. மேல பெயிண்ட் அடிச்சு கண்ணச் செவப்பாக்கிடுங்க. இல்லன்னா கடையில வேற வாங்கி வெச்சிடுறேன்."

படத்துச் சிறுமி ஊரையே எதிர்த்து நின்றாள். நம் ஆள், "சரிங்க ஃபாதர்" என்றார். அரைமணி நேரத்தில் எனாமல் பெயிண்டால் இரண்டு சிவப்பு விழி, தூக்கிய புருவம், கூடுதலாக நாலு பல்.

மறுநாள் திருவிழா பிரமாதமாக நடந்தது. சுரூபம் கோயிலில் நின்றது. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடையில் வாங்கியது போலவே இருந்தது, எதற்குக் கேட்பார்கள்?

வீடு திரும்பும்போது ரெஜினா, ஒரு மாதத்துக்குப் பிறகு, தானாகப் பேசினாள்.

"அந்த மூஞ்சிய ஏங்க அழிச்சீங்க?"

"ஊரே சிரிச்சுதே."

"நானா சிரிச்சேன்? இந்த மனுசனுக்குள்ள இம்புட்டு அசதி இருக்குதான்னு அதப் பாத்துதான் தெரிஞ்சிது. ஒங்க மேல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சு. அது முன்னாடி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு, ஒங்ககிட்ட சொல்லலாம்னு இன்னிக்கு வந்தேன். வந்து பாத்தா ரெண்டு செவப்புக் கண்ணு மொறைக்கிது."

ஸ்தனிஸ்லாஸ் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். தன் சொந்த முகத்துக்கு வெட்கப்பட்டு, அதன்மேல் பசாசு முகம் எழுதிய மடையன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்தார். எப்போதும் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிறவருக்கு, அன்று சிரிப்பு வரவில்லை.