மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

புத்தாண்டு அன்றைக்கு ஊரே சோம்பல் முறிக்கும். லிஃப்டுகளுக்கு மட்டும் மூச்சு விட நேரம் இருக்காது. எட்டுப் பேர் போகிற பெட்டிக்குள் பதினொரு பேர் ஏறுவார்கள், கையில் பை, பைக்கு மேல் குழந்தை. எங்கேயாவது அது முரண்டு பிடித்து நிற்கும். உடனே மெக்கானிக்குக்கு போன் வரும். இருபது வருடத்துக்கு மேல் அவருடைய புத்தாண்டுகள் இப்படித்தான் கிரீஸ் வாசனையோடு கழிந்தன.

"புது வருஷம் எல்லாருக்கும் பிறக்கும், உங்க அப்பாவுக்கு மட்டும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பிறக்கும்" என்று மனைவி மகளிடம் சொல்வாள்.

வேலை முடிந்து எவ்வளவு நேரமானாலும் அவர் நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் போவார். அம்மா அங்கேதான் இருந்தாள். தங்கை குடும்பமும் வந்துவிடும். வீடு கொள்ளாத சிரிப்பு, சாப்பாடு, சீட்டு விளையாட்டு. அப்பா போன பிறகு தம்பியையும் தங்கையையும் ஆளாக்கியது தான்தான் என்று அவர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கூட்டத்தில்தான் அவர் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அத்தைய ஹால்ல படுக்க வெச்சிருக்கீங்க? டிவி ஓடுற வரைக்கும் அவங்க எப்படித் தூங்குவாங்க?" சாதாரணமாகத்தான் கேட்டாள். தம்பி மனைவிக்கு முகம் சுருங்கிப்போனது. தங்கை, "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் அண்ணி" என்று பேச்சை வெட்டினாள். அதோடு முடிந்தது என்றே மெக்கானிக் நினைத்தார்.

அடுத்த வருடம் அம்மாவுக்குச் சளி, அதனால் கூட்டம் இல்லை என்றான் தம்பி. இந்த வருடம் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டான்.

"கூட்டமெல்லாம் வேண்டாம் அண்ணா. அவங்கவங்க வீட்டுல அமைதியா இருந்துக்கலாம். அம்மாவுக்கும் சத்தம் ஒத்துக்கல."

"நீ சொல்றதும் சரிதான்" என்றார் மெக்கானிக். அம்மாவை நினைத்து நடக்கிறானே என்று மனசு குளிர்ந்தது. முதல் முறையாகப் புத்தாண்டுக்கு விடுப்பும் கேட்டு வாங்கினார். மகள் எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் மூன்று பேருமாகக் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மனைவி அடுப்பில் கோழியை வைத்துவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தே சிவப்புக் காயைப் போட்டாள். வீடே சிரித்தது.

அப்போது போன் அடித்தது. ஊரின் மறுபக்கத்துக் கட்டடங்களைப் பார்க்கிற இன்னொரு மெக்கானிக் சுருட்டைக்குக் காய்ச்சல். ஏதோ ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, வேறு ஆள் இல்லை.

மெக்கானிக் தயங்கினார். மனைவிதான் சொன்னாள், "போயிட்டு வாங்க. உள்ள குழந்தை குட்டி இருக்கப் போகுது, பாவம்."

அது அவர் அதுவரை போகாத கட்டடம். வாட்ச்மேன் ஓடி வந்து, "மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல சார். புதுசா குடி வந்தவங்க வீட்டுல விருந்து போல" என்றார். மெக்கானிக் நான்காவது மாடிக்கு ஏறிப் போய் லிஃப்ட் கதவைத் தட்டினார்.

"யாரும் பயப்படாதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. கதவை நீங்களா இழுக்காதீங்க. எத்தனை பேர் இருக்கீங்க?"

அதுவரை உள்ளே கேட்ட சலசலப்பு பட்டென்று அடங்கியது. குசுகுசுவென்று ஏதோ பேச்சு. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது மாதிரி ஒரு ஆண் குரல், "ஆறு பேரு" என்றது.

பயத்தில் சிலருக்குக் குரல் மாறும். மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உச்சியில் இருக்கிற இயந்திர அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். ஓர் அளவுக்கு மேல் அது நகர மறுத்தது. இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். பெட்டி முழங்கால் அளவு கீழே நின்றிருந்தது.

உள்ளே தம்பி. அவன் மனைவி. தங்கை, அவள் புருஷன், புருஷன் கையில் கேக் டப்பா. தங்கையின் சின்ன மகள். மூலையில், கம்பியைப் பிடித்தபடி அம்மா.

சின்னவள் மட்டும் குதித்தாள். "ஐ, பெரிய மாமா! போன வருஷம் நீங்க வரவே இல்ல. இந்த வருஷம் வந்துட்டீங்க!"

அப்படியென்றால் போன வருடமும் கூடியிருக்கிறார்கள். ஆனால் வேலை பழகிய உடம்பு தானாகக் குனிந்து கையை நீட்டியது.

"ஒவ்வொருத்தரா வாங்க. முதல்ல குழந்தையக் குடுங்க."

"அண்ணா, நாங்க சும்மா…" என்று ஆரம்பித்தான் தம்பி. இப்போது குரல் அவன் குரலாகவே இருந்தது.

"காலப் பாத்து வை" என்றார் மெக்கானிக்.

கடைசியில் அம்மாவை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கைதான் அருகில் வந்தாள். "வீடு புதுசு அண்ணா. நானும் இவரும் இப்பதான் குடி வந்தோம். சொல்லணும்னுதான் இருந்தோம். அண்ணி வந்தா பேச்சு எங்க போய் முடியும்னு உனக்கே தெரியும். நீ மட்டும்னா எப்ப வேணா வரலாமே? மேல வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"லிஃப்ட் இன்னும் சரியாகல. படியில போங்க" என்றார் அவர்.

அவர்கள் படியேறிப் போனார்கள். மேலே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வேலையை அரைகுறையாக விட்டுப் போக மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. கழற்றிப் பார்த்துச் சரி செய்து, மேலும் கீழுமாக ஓட்டியும் பார்த்தார். அதற்குள் மேல் வீட்டில் பேச்சு தொடங்கி, சிரிப்பும் கேட்டது. தம்பியின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. பெட்டிக்குள் நின்று அதைக் கேட்டவர், கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தார்.

வீட்டில் மனைவி சாப்பிடாமல் காத்திருந்தாள். "யாரு மாட்டிக்கிட்டது?"

"ஏதோ ஒரு குடும்பம்."

"குழந்தை இருந்துச்சா? பயந்துபோச்சா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டே வந்துச்சு."

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். பின்னால் தம்பி ஏதோ சொல்லிக் கொடுக்கிற சத்தமும் கேட்டது.

"மனசுல எதுவும் வெச்சுக்காதப்பா."

"நீயுமாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் இருக்கறது அவன் வீட்டுல. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"இங்க வந்து இரும்மா. நாளைக்கே வந்து கூட்டிட்டு வரேன்."

"அதெல்லாம் எதுக்குப்பா" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் மனைவியிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அத்தைக்காகத்தானே நான் கேட்டேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மகள் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உறவு அறுந்துவிடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைப் போய்ப் பார்த்தார். அவள் இன்னும் ஹாலில்தான் படுத்திருந்தாள். தம்பி எப்போதும்போல "வாங்கண்ணா" என்றான், இவரும் எப்போதும்போல உட்கார்ந்து காபி குடித்தார். ஆனால் அதற்குப் பிறகு, வெளியே மழை பெய்கிறது என்று தம்பி சொன்னால்கூட, எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவர் குடையைத் தேடுவார்.